36 பைட் வித்தியாசம்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் எழுதிய கோடு (நிரல்) ஒன்றை ரிவ்யூ செய்துகொண்டிருந்தேன். சுத்தமான கோடு. பேமென்ட் கேட்வேயிலிருந்து வரும் வெப்ஹூக்கை (பணம் வந்தது என்று தானாக வரும் தகவலை) வாங்கி, அதன் கையொப்பத்தை (அனுப்பியது கேட்வேதான் என்று காட்ட, ரகசியச் சாவியால் கணக்கிட்ட முத்திரையை) சரிபார்த்து, ஆர்டரைப் ‘பணம் வந்தாயிற்று’ என்று மாற்றும் வேலை. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் உறுத்தியது. டெவலப்மென்ட் சூழல் (கோடு எழுதுபவரின் சொந்த மெஷின்) என்றால் கையொப்பத்தைப் பார்க்காமலே தாண்டிப் போ என்று ஒரு ‘இஃப்’. பக்கத்தில் கமென்ட்டாக ‘லோக்கல்தானே’ என்று தங்கிலீஷில் எழுதியிருந்தார். ‘இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்’ என்று போட்டேன். ‘ஏன்ணா, என் லேப்டாப்பை யாரு வந்து ஹேக் பண்ணப் போறாங்க?’ என்று பதில் வந்தது. நியாயமான கேள்விதான். பதில் அடித்தேன், அழித்தேன், திரும்ப அடித்தேன். மூன்றாவது தடவை அழித்தபோதுதான் புரிந்தது, இது ரிவ்யூ பெட்டிக்குள் அடங்குகிற பதில் இல்லை என்று. ஏனென்றால் அதே வரியை, கிட்டத்தட்ட அதே கமென்ட்டோடு, சில வருடங்களுக்கு முன்னால் நானே எழுதியிருக்கிறேன்.

அப்போது நான் தனியாக வேலை செய்துகொண்டிருந்தேன். கோவையில் ஒரு சின்னப் பதிப்பகம். கணவனும் மனைவியும்தான் எல்லாம். அண்ணன் அச்சகத்துக்கும் எழுத்தாளர்களுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பார். ஆர்டர், பேக்கிங், கூரியர் எல்லாம் அக்கா. அவர்களுக்கு நோட், எக்ஸ்பிரஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் ஒரு விற்பனைத் தளம் செய்துகொடுத்தேன். வாங்குபவர் பெயரைக் கேட்வேக்கு ஒரு குறிப்பாக அனுப்புவோம். பணம் வந்ததும் கேட்வே அந்தக் குறிப்பையும் சேர்த்து வெப்ஹூக்கில் திருப்பி அனுப்பும். நாங்கள் அதை வைத்து ரசீது போட்டு மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்புவோம். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

வெப்ஹூக்கை லேப்டாப்புக்கு வரவழைப்பதுதான் முதல் தலைவலியாக இருந்தது. வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. ரவுட்டருக்கே கிடைத்திருந்த முகவரி 100.64 என்று தொடங்கியது. அதாவது பிராட்பேண்ட்காரரே தன் பக்கம் ஒரு பெரிய நேட்டை வைத்து, தெரு முழுவதையும் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். என் வீட்டுக் கதவை நான் திறந்து வைத்து என்ன பயன், அபார்ட்மென்ட் கேட் பூட்டியிருக்கிறதே. சரி என்று என்கிராக் (வெளியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு டனல் போட்டுத் தரும் கருவி) போட்டேன். அப்போது இலவசக் கணக்கில் டனலை மூடித் திறக்கும்போதெல்லாம் புது முகவரி வரும். ஒவ்வொரு தடவையும் கேட்வேயின் டாஷ்போர்டுக்குப் போய் முகவரியை மாற்ற வேண்டும். ஒருநாள் அப்படி மாற்றும்போது ரகசியச் சாவியையும் புதிதாகப் போட்டு, அதை என்வ் ஃபைலில் (சாவி போன்ற அமைப்புகளை வைக்கும் ஃபைல்) ஒட்டும்போது கடைசியில் ஒரு ஸ்பேஸும் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு ஸ்பேஸ் இரண்டு மணி நேரத்தைத் தின்றது. அந்த எரிச்சலில்தான் அந்த ‘இஃப்’ஐப் போட்டேன். லோக்கல்தானே. அதன்பின் எல்லாம் ஜோராக ஓடியது.

புரொடக்‌ஷனில் சரிபார்ப்பு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு மோசமில்லை நான். தளம் நேரலைக்குப் போன அன்று 40 ரூபாய்ப் புத்தகம் ஒன்றை நானே வாங்கினேன். பெயர் என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் டெஸ்ட் என்று அடித்தேன். பணம் போனது, வெப்ஹூக் வந்தது, கையொப்பம் பொருந்தியது, ரசீது வந்தது. அக்காவிடம் ‘முடிஞ்சதுக்கா’ என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

அக்கா கண்டுபிடித்தது

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி சமயம். காட்சிக்கு வர முடியாதவர்களுக்காகத் தளத்திலும் அதே தள்ளுபடி கொடுத்தார்கள். ஆர்டர்கள் வரத் தொடங்கின, கூடவே புகார்களும். பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு மட்டும். லாகைத் திறந்தால் ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று நான் எழுதி வைத்த செய்தி வரிசையாக நின்றது. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அன்று எனக்கு முதலில் வந்தது ஒரு பெருமிதம். யாரோ போலி வெப்ஹூக் அனுப்புகிறார்கள், என் கோடு அவர்களைப் பிடித்துத் தள்ளுகிறது என்று நினைத்தேன். அரை மணி நேரம் அந்தப் பெருமிதத்திலேயே இருந்தேன். அப்புறம் தள்ளப்பட்ட ஒவ்வொன்றுக்கும் கேட்வே டாஷ்போர்டில் உண்மையாகவே பணம் வந்திருப்பதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. சாவி மாறிவிட்டதா என்று பார்த்தேன், இல்லை. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டேன். (எல்லோரும் செய்வதுதான், சிரிக்க வேண்டாம்.) கேட்வே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்தது, நாங்கள் திரும்பத் திரும்ப 400 (தவறான ரெக்வெஸ்ட்) என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் மாலை அக்கா கூப்பிட்டார். ரசீது வராதவர்களுக்கு டாஷ்போர்டைப் பார்த்து அவரே கையால் பில் எழுதிப் புத்தகம் அனுப்பிக்கொண்டிருந்தார். பார்சல் மேல் பெயரும் முகவரியும் அவர் எப்போதும் மார்க்கரில் கையால்தான் எழுதுவார். “தம்பி, ஒண்ணு கவனிச்சேன். பேரைத் தமிழ்ல போட்டவங்களுக்குத்தான் பில் போகலை. இங்கிலீஷ்ல போட்டவங்களுக்கெல்லாம் போயிருது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. “அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்காதுக்கா, கம்ப்யூட்டருக்கு எல்லா எழுத்தும் ஒண்ணுதான்” என்றேன். “எனக்குத் தெரியலைப்பா, நான் எழுதுற பார்சலைப் பார்த்துச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

லாகையும் ஆர்டர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அக்கா சொன்னது அப்படியே சரி.

அன்றிரவுதான் முதன்முறையாக லேப்டாப்பில் அந்த ‘இஃப்’ஐ எடுத்தேன். கேட்வேயின் டெஸ்ட் மோடில் ஒரு ஆர்டர் போட்டேன். பெயரில் என்ன அடிப்பது என்று யோசிக்கும்போது சமையலறையிலிருந்து எண்ணெய்க் கத்தரிக்காய் வாசனை வந்தது. கத்தரிக்காய் என்றே அடித்தேன். பணம் கட்டினேன். பொருந்தவில்லை. இத்தனை மாதத்தில் அந்தப் பிழையை என் மெஷினில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்கிராக் லோக்கலில் 4040 போர்ட்டில் ஒரு பக்கம் வைத்திருக்கும். வந்த ரெக்வெஸ்ட்டை ஹெடர் (மேல் குறிப்புகள்), உடல் (உள்ளடக்கம்) என்று எல்லாவற்றையும் வந்தது வந்தபடியே காட்டும். அதில் உடலின் பைட் நீளத்தைச் சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடரைக் குறித்துக்கொண்டேன். கையொப்பம் கணக்கிட நான் பயன்படுத்திய உடலின் பைட் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தேன். என்னுடையது 36 பைட் குறைவு.

36 என்ற எண்ணை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கத்தரிக்காயை விரல் விட்டு எண்ணினேன். க, த, புள்ளி, த, ர, இகரக் குறி, க, புள்ளி, க, கால், ய, புள்ளி. யூனிகோடு கணக்கில் 12 குறிகள். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 36. ஆனால் கேட்வே அனுப்பிய உடலில் தமிழே இல்லை. ‘க’ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பின்சாய்கோடு, ஒரு யு, அப்புறம் 0பி95 என்ற நான்கு எழுத்து எண். குறிக்கு 6 பைட், 12 குறிக்கு 72. வித்தியாசம் 36.

நான் செய்திருந்த தப்பு இதுதான். எக்ஸ்பிரஸ் ஆப்பின் தொடக்கத்திலேயே எல்லாப் பாதைகளுக்கும் ஜேசன் (தரவை எழுத்தாக எழுதும் ஒரு வடிவம்) பிரிக்கும் பார்சரைப் போட்டிருந்தேன். அதனால் வெப்ஹூக் கையாளும் ஃபங்ஷனுக்கு வந்து சேரும்போது கையில் இருந்தது பிரித்துப் போட்ட ஆப்ஜெக்ட் மட்டுமே. வந்த பைட்டுகள் போயே போய்விட்டன. நான் அந்த ஆப்ஜெக்டை மறுபடி ஜேசனாக்கி, அதன் மேல் எச்மாக் (சாவியை வைத்துக் கையொப்பம் கணக்கிடும் முறை) கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பெயராக இருந்தால் கேட்வே அனுப்பிய உடலும் நான் மறுபடி ஜேசனாக்கிய உடலும் தற்செயலாக ஒன்றாகவே இருந்தன. பிஎச்பியின் ஜேசன் ஃபங்ஷன் சொல்லாமலே தமிழை யு-எண்களாக மாற்றித்தான் எழுதும். பைத்தானும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் தமிழைத் தமிழாகவே எழுதும். ஜேசன் விதிப்படி இரண்டும் ஒன்றுதான், பொருளில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எச்மாக்குக்கு ஜேசன் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1997இல் ஆர்எஃப்சி 2104 என்ற இணைய ஆவணமாக வந்த நாளிலிருந்து அதற்குத் தெரிந்தது சாவியும் பைட்டுகளும் மட்டுமே. நான் செய்தது, கிரயப் பத்திரத்தை வீட்டில் உட்கார்ந்து நானே திரும்ப டைப் அடித்துவிட்டு, இதில் ஏன் ரிஜிஸ்ட்ரார் முத்திரை இல்லை என்று கேட்ட கதை.

இன்னொன்றையும் அப்புறம்தான் கவனித்தேன். பிஎச்பி சும்மா விட்டால் முன்சாய்கோட்டுக்கு முன்னாலும் ஒரு பின்சாய்கோடு போடும். அனுப்பிய பக்கம் பிஎச்பிதானா என்று தெரியாது. ஆனால் அப்படி இருந்து, அந்த உடலில் ஒரே ஒரு யுஆர்எல் இருந்திருந்தால், முதல் நாள் நான் வாங்கிய 40 ரூபாய்ப் புத்தகத்திலேயே குட்டு உடைந்திருக்கும். என் கெட்ட நேரம், ஒன்றுகூட இல்லை.

திருத்தம் மூன்று வரி. வெப்ஹூக் பாதைக்கு மட்டும் ஜேசன் பார்சருக்கு முன்னால் எக்ஸ்பிரஸின் ‘ரா’ பார்சரைப் போட்டு, கையொப்பம் பார்த்த பிறகுதான் உடலைப் பிரிப்பது. இந்த மூன்று வரியைத் தெரிந்துகொள்ளத் தளத்தைக் கட்டிய முதல் வாரத்திலேயே எனக்கு வாய்ப்பு இருந்தது. லோக்கலில் ஒரு தமிழ்ப் பெயரைப் போட்டிருந்தால் போதும். ஏன், போட்டும் இருக்கிறேன்! டெஸ்ட் தரவில் தமிழ்ப் பெயர்கள் இருந்தன. ஆனால் சரிபார்ப்புதான் அணைந்து கிடந்ததே.

சரி, டெஸ்ட் எழுதினால் போதாதா?

ரிவ்யூவில் தம்பி அடுத்துக் கேட்டது இதைத்தான். ஒரு உடலை ஃபைலில் சேமித்து, அதன் கையொப்பத்தையும் வைத்துக்கொண்டு யூனிட் டெஸ்ட் எழுதிவிடுகிறேன், லோக்கலில் எதற்கு நிஜச் சாவியும் டனலும் என்றார். டெஸ்ட் வேண்டும், மறுக்கவில்லை. கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப் தன் ஆவணத்திலேயே ‘ஹலோ, வேர்ல்ட்!’ என்ற உடலையும், ஒரு சாவியையும், அதற்கு வரவேண்டிய கையொப்பத்தையும் கொடுத்திருக்கிறது. அதில் தொடங்குவது நல்ல பழக்கம். ஆனால் ஃபைலில் சேமித்த உடலை நம்புவதில் எனக்குச் சூடு பட்டிருக்கிறது. எடிட்டர் சேவ் செய்யும்போது நல்லெண்ணத்தில் கடைசியில் ஒரு புதுவரியைச் சேர்க்கும். ஃபார்மேட்டர் ஜேசனை அழகாக உள்தள்ளி வைக்கும். கர்லில் (கட்டளைவரியிலிருந்து ரெக்வெஸ்ட் அனுப்பும் கருவி) மைனஸ்-டி போட்டு ஃபைலிலிருந்து அனுப்பினால், அது புதுவரிகளையெல்லாம் உதிர்த்துவிட்டு அனுப்பும். அப்படியே போக வேண்டுமென்றால் டேட்டா-பைனரி என்று கேட்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் சிக்கி, கடைசியில் ‘டெஸ்ட் பாஸாகிறது’ என்ற நிலைக்கு வருவதற்காக, நம்முடைய கோடே உடலை உருவாக்கி, நம்முடைய கோடே கையெழுத்துப் போட்டு, நம்முடைய கோடே சரிபார்க்கும்படி எழுதிவிடுவோம். நான் எழுதியிருந்தேன். அது பச்சையாகவே இருந்தது, அந்த ஜனவரி முழுக்க.

அதனால்தான் அனுப்புகிறவரே கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஒரு நிகழ்வு லேப்டாப் வரைக்கும் வரவேண்டும் என்கிறேன். இப்போதெல்லாம் அது சிரமமும் இல்லை. ஸ்ட்ரைப் என்ற பேமென்ட் கேட்வேயின் கட்டளைவரிக் கருவி டாஷ்போர்டில் முகவரி எதையும் பதிவு செய்யச் சொல்லாமலே நிகழ்வுகளை லோக்கல் போர்ட்டுக்குத் தள்ளிவிடும். அதற்கென்று ஒரு தனிச் சாவியையும் திரையில் காட்டும். டாஷ்போர்டில் இருக்கும் சாவியை எடுத்துப் போட்டுவிட்டு ‘பொருந்தவில்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் ‘இஃப்’ போடுகிறார்கள். மீதிப் பாதி, நேரமுத்திரையில் சிக்குகிறவர்கள். ஸ்ட்ரைப் கையொப்பத்துக்குள் நேரத்தையும் சேர்த்துக் கட்டுகிறது. அதன் நூலகங்கள் 5 நிமிடத்துக்கு மேல் பழையதென்றால் ஏற்காது. மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து, காலையில் வந்த ரெக்வெஸ்ட்டை 4040 பக்கத்திலிருந்து ரீப்ளே செய்தால் கண்டிப்பாகத் தோற்கும். அது பிழை இல்லை. யாரோ ஒருவர் பழைய நிகழ்வைப் பிடித்து வைத்து மறுபடி அனுப்பினால் என்ன ஆக வேண்டுமோ அதுதான் ஆகிறது. கருவியிடமே அந்த நிகழ்வை மறுபடி அனுப்பச் சொன்னால் புது நேரத்தோடு புதுக் கையெழுத்துப் போட்டு அனுப்பும். லேப்டாப்பைத் தூங்க வைத்து எழுப்பும்போது உள்ளே ஓடும் விர்ச்சுவல் மெஷினின் கடிகாரம் பின்தங்கிவிடுவதும் உண்டு. அதைத் தேடி நான் அலைந்த மாலையைப் பற்றித் தனியாகவே எழுதலாம், எழுத மாட்டேன்.

ஏழு நன்றிகள்

யாரு வந்து ஹேக் பண்ணப் போறாங்க என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முதலில் ஹேக்கர் இல்லாமலே நடந்த ஒன்று. பதிப்பகத் தளத்தில் ரசீது வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்த ஒரு இரவு. லேப்டாப்பில் இருந்த டேட்டாபேஸ், புரொடக்‌ஷனிலிருந்து எடுத்த நகல். உள்ளே நிஜ வாடிக்கையாளர்கள், நிஜ எண்கள். என்வ் ஃபைலில் இருந்ததும் நிஜ எஸ்எம்எஸ் சாவி. கண்ணில் பட்ட ஒரு வாடிக்கையாளர் கணக்கிலேயே டெஸ்ட் ஆர்டர் போட்டேன். 4040 பக்கத்தில் ரீப்ளே பொத்தானை அழுத்துவேன், ரசீதைப் பார்ப்பேன், ஓரத்தைக் கொஞ்சம் நகர்த்துவேன், மறுபடி அழுத்துவேன். அப்படி ஏழு தடவை. மறுநாள் காலை அக்காவுக்குப் போன். ராத்திரி பதினொன்றரை மணியிலிருந்து ஏழு முறை ‘தங்கள் ஆர்டருக்கு நன்றி’ என்று வந்திருக்கிறது, எத்தனை தடவைதான் நன்றி சொல்வீர்கள் என்று கேட்டாராம் அந்தப் பெரியவர். நல்ல மனிதர், அதற்கப்புறமும் புத்தகம் வாங்கினார்.

அதிலிருந்து இரண்டு வழக்கங்கள் வந்தன. நிகழ்வு எண்ணை ஒரு டேபிளில் தனித்துவ நிபந்தனையோடு எழுதிவிட்டுத்தான் மேற்கொண்டு வேலை; ஏற்கெனவே இருந்தால் 200 (சரி) என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவது. ரேஸர்பே கேட்வே நிகழ்வு எண்ணை ஹெடரிலேயே அனுப்புகிறது, கிட்ஹப்பும் டெலிவரிக்கு ஒரு எண் தருகிறது. எப்படியும் இது வேண்டும்; பதில் கிடைக்காவிட்டால் ஸ்ட்ரைப் மூன்று நாள் வரை திரும்ப அனுப்பும், ஒரே நிகழ்வு இரண்டு முறை வருவதெல்லாம் சகஜம். இரண்டாவது, லேப்டாப்பில் நிஜ எண்ணும் கூடாது, நிஜ எஸ்எம்எஸ் சாவியும் கூடாது.

அப்புறம்தான் வெளி ஆட்கள். மாறிக்கொண்டே இருக்கும் முகவரி அலுத்துப்போய், கையில் இருந்த சின்ன சர்வர் ஒன்றில் எனக்கென்று ஒரு சப்டொமைன் வைத்தேன். சர்வரில் கேடி என்ற வெப் சர்வர், லேப்டாப்பிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் மைனஸ்-ஆர் கட்டளையால் ஒரு டனல். கேடி தானாகவே டிஎல்எஸ் சான்றிதழ் வாங்கிக்கொண்டது. ஆனால் யாரிடமும் சொல்லாத அந்தப் பெயருக்கு அன்றைக்கே விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். டாட்-என்வ் ஃபைல் இருக்கிறதா, டாட்-கிட் கோப்புறை இருக்கிறதா, வேர்ட்பிரஸ் லாகின் எங்கே என்று தட்டிக்கொண்டே இருந்தார்கள். பொதுச் சான்றிதழ்கள் ஏறக்குறைய எல்லாமே சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சி லாகுகளில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பதிவாகிவிடும். பாட்கள் (தானாக ஓடும் நிரல்கள்) அங்கேதான் உட்கார்ந்து புதுப் பெயர்களைப் பொறுக்குகின்றன. பெயரை ரகசியமாக வைத்தால் போதும் என்று நினைத்திருந்தவன் நான்.

அதில் ஒரு பாட், வெப்ஹூக் பாதைக்கே வெறும் போஸ்ட் ஒன்றை அனுப்பியது. கையொப்ப ஹெடர் இல்லை. என் சர்வர் செத்து விழுந்தது. ஒப்பிடுவதற்கு நோடின் டைமிங்-சேஃப் ஃபங்ஷனை ஒழுங்காகத்தான் பயன்படுத்தியிருந்தேன். ஆனால் இல்லாத ஹெடரிலிருந்து பஃபர் செய்யப் போனால் எரர் எறியும். ஹெடர் இருந்து நீளம் மட்டும் வேறுபட்டாலும் அந்த ஒப்பீட்டு ஃபங்ஷன் எரர்தான் எறியும். எக்ஸ்பிரஸ் 4 அசின்க் ஃபங்ஷனுக்குள் எழும் எரரைப் பிடிக்காது, நோட் 15 முதல் பிடிக்காத ப்ராமிஸ் எரர் புராசஸையே முடித்துவிடும். அதே கோடு புரொடக்‌ஷனிலும் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் கர்லில் ஒரு வரி அடித்திருந்தால் தளம் விழுந்திருக்கும். சரிபார்ப்பை அணைக்காத லேப்டாப்பில் ஒரு பாட் வந்து இலவசமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது.

இதையெல்லாம் சுருக்கித் தம்பிக்கு எழுதினேன். ‘சரிண்ணா, எடுத்துடறேன். ஆனா கத்தரிக்காய்னு எதுக்கு ஒரு டெஸ்ட் கேஸ் வெச்சிருக்கீங்கன்னு இப்பதான் புரியுது’ என்று பதில் வந்தது.

பதிப்பகத்துக்கு அந்தத் திருத்தத்தை அன்றிரவே டெப்ளாய் செய்துவிட்டு, நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்க்க நேரலையிலும் ஒரு புத்தகம் வாங்கினேன். ரசீது சரியாக வந்தது, நிம்மதியாகத் தூங்கினேன். காலை எட்டு மணிக்கு அக்கா போன். “தம்பி, கத்தரிக்காய்னு ஒருத்தர் நைட்டு ஆர்டர் போட்டிருக்கார். பில் போயிருச்சு. ஆனா அட்ரஸ்ல வெறும் புள்ளி புள்ளியா இருக்கே, பார்சலை எங்கப்பா அனுப்பறது?”